மேற்கே போகப் போக: ராஜஸ்தானுக்கு முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ராஜஸ்தானுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுவோர் ஜெய்ப்பூர், உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர், புஷ்கர், ரணதம்போர் என்று ஏழு ஊர்களை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, கையில் ஒரு வார விடுப்பு இருப்பதாகச் சொல்வார்கள். அது நடக்காத காரியம். 3,42,239 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ராஜஸ்தான், இந்தியாவின் மிகப் பெரிய மாநிலம். தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஏழு ஊர்களையும் துரத்தினால் நீங்கள் பார்ப்பது நெடுஞ்சாலையையும் விடுதி அறைகளையும்தான்.

முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு கோடு: ஜெய்ப்பூரில் 2 நாள், ஜோத்பூரில் 3 நாள், ஜெய்சல்மேரில் 3 நாள். கிழக்கிலிருந்து மேற்காக இந்த வரிசையிலேயே போங்கள். ஜெய்ப்பூரில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும். ஜெய்சல்மேரிலோ அது 200 மில்லிமீட்டரை ஒட்டியே நின்றுவிடும். மழை குறையக் குறையக் கல்லின் நிறமும், வீட்டின் அமைப்பும், தட்டில் வரும் உணவும் மாறிக்கொண்டே வருவதை இந்தப் பாதையில் கண்ணால் பார்க்கலாம். உதய்ப்பூர் ஏரிகளின் ஊர். அதன் இயல்பு வேறு. சித்தூர்கட், கும்பல்கட் கோட்டைகளோடு சேர்த்து இன்னொரு பயணத்துக்கு அதை ஒதுக்கிவையுங்கள்.

முதற்படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை உகந்த காலம். மே மாதத்தில் கட்டணம் பாதியாகக் கிடைக்கிறது என்று யாராவது அழைத்தால், இதே பாதையில் உள்ள பலோதி என்ற ஊரில்தான் 2016 மே மாதம் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தீபாவளியை அடுத்து வரும் வாரத்தையும், உகந்த காலத்திலேயே வரும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களையும் தவிர்ப்பது நல்லது. அந்த நாட்களில் ஜெய்சல்மேரில் அறை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் வாடகை பல மடங்காக இருக்கும். ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் மாக பௌர்ணமியை ஒட்டி அங்கே மூன்று நாள் பாலைவனத் திருவிழா நடக்கிறது. தலைப்பாகை கட்டும் போட்டி, ஒட்டகப் பந்தயம், இரவுக் கச்சேரி எல்லாம் உண்டு. கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போகலாம்.

நம்மவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால், டிசம்பர் இறுதியில் அங்கே சூரியன் ஏழேகால் மணிக்கு மேல்தான் உதிக்கும். சென்னைப் பழக்கத்தில் ஐந்தரை மணிக்கு எழுந்து கிளம்பினால், குளிரில் நடுங்கியபடி இருட்டில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் படி: பயணச்சீட்டும் தங்குமிடமும்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஜெய்ப்பூருக்கும், மதுரையிலிருந்து பிகானேருக்கும் நேரடி ரயில்கள் உண்டு. ஆனால் அவை தினமும் ஓடுவதில்லை. ரயிலுக்குள்ளேயே ஒன்றரை நாளுக்கு மேல் கழியும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் தொடங்குவதால், ரயில் ஓடும் கிழமையை முதலில் பார்த்து, அதற்கேற்ப விடுப்பு கேளுங்கள். விமானத்தில் போகிறவர்கள் ஜெய்ப்பூரில் இறங்கி, திரும்பும்போது ஜெய்சல்மேரிலோ ஜோத்பூரிலோ ஏறுவதுபோலச் சீட்டு எடுத்தால், வந்த வழியே முழுவதும் திரும்ப வேண்டியிருக்காது. ஜெய்சல்மேர் விமான நிலையத்தில் குளிர்காலத்தில்தான் விமானங்கள் கூடுதலாக இயங்கும். அது விமானப்படைத் தளத்தை ஒட்டியது. அங்கே படம் எடுக்கக் கூடாது.

ஜெய்ப்பூரிலிருந்து ஜோத்பூருக்கும், அங்கிருந்து ஜெய்சல்மேருக்கும் ரயிலில் ஏறக்குறைய ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். இரண்டு பயணங்களையும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ரயிலில் தூங்கிக்கொண்டே போனால் ஒரு நாள் விடுதி வாடகை மிச்சமாகும். ஆனால் வயல் புதராகி, புதர் வெறும் தரையாகும் காட்சி போய்விடும். ஜெய்சல்மேர் வழியில் பலோதிக்கு அருகே கீசன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊரார் தானியம் இறைத்துப் பேணுவதால், குளிர்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான கொக்கினப் பறவைகள் மத்திய ஆசியப் பக்கமிருந்து வந்து அங்கே தங்குகின்றன. காரில் போகிறவர்கள் காலை வேளையில் அங்கு இறங்கிப் பார்க்காமல் போகக் கூடாது.

தங்குவதற்கு ஹவேலி எனப்படும் பழைய வணிகர் மாளிகை ஒன்றில் இரண்டு இரவாவது அறை எடுங்கள். அரண்மனைகளும் மாளிகைகளும் இங்கே விடுதிகளானதற்கு ஒரு கதை உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இணைந்து 1949இல் ராஜஸ்தான் உருவானது. ஆட்சி போன பிறகு அரண்மனைகளைப் பராமரிப்பது பெரும்பாடாயிற்று. 1957இலேயே ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மான் சிங் தம் ராம்பாக் அரண்மனையை விடுதியாக்கினார். 1971இல் மன்னர் மானியமும் நின்றுபோகவே, மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். அரண்மனை விடுதிக்கு நம் பணப்பை இடம் கொடுக்காவிட்டாலும், சந்துக்குள் இருக்கும் சிறிய ஹவேலி கட்டுப்படியாகும். படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், மின்தூக்கி இருக்காது. பெரியவர்களுடன் போகிறவர்கள் தரைத்தள அறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் படி: பெட்டி கட்டுதல்

பாலைவனம் என்றதும் நாம் வெயிலுக்குத் தயாராவோம், குளிரை மறந்துவிடுவோம். முதல்முறை நான் ஜனவரியில் ஒரே ஒரு சால்வையோடு மணல்மேட்டுக் கூடாரத்தில் படுத்தேன். பகலில் சட்டை நனைய வியர்த்தது. நள்ளிரவில் பல் கிட்டிக்கொண்டது. காலையில் தலைக்குத் தடவலாம் என்று தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால், வெள்ளைக் கட்டியாக உறைந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆகவே கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லாய், காலுறை ஆகியவை கட்டாயம். காற்றில் ஈரமே இல்லாததால் உதடும் குதிகாலும் வெடிக்கும். சிலருக்கு மூக்கில் இரத்தம் கசியும். களிம்பு ஒன்று கையில் இருக்கட்டும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். கோட்டைகளின் கல்தரை தேய்ந்து வழவழப்பாக இருக்கும் என்பதால் பிடிமானமுள்ள காலணி வேண்டும். ஊர்ப்புறத்தில் செலவழிக்கச் சில்லறை நோட்டுகளும் வேண்டும்.

நான்காம் படி: ஜெய்ப்பூர்

1727இல் இரண்டாம் சவாய் ஜெய் சிங் திட்டமிட்டு எழுப்பிய ஊர் இது. வித்யாதர் பட்டாச்சார்யா வகுத்த நேர்கோட்டுத் தெருக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஊருக்கு இளஞ்சிவப்பு பூசியது பிறகுதான். 1876இல் பிரிட்டிஷ் இளவரசரை வரவேற்பதற்காக அடித்த வண்ணம் அது. வண்ணம் பூச்சில்தான் இருக்கிறது, கல்லில் இல்லை என்பதை இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். மேற்கே போனதும் இது மாறும்.

சீட்டு வாங்கும் இடத்திலேயே பலர் குழம்பிப்போகிறார்கள். ஆமேர் கோட்டை, நாகர்கட், ஹவா மஹால், ஜந்தர் மந்தர் முதலியவை அரசின் பொறுப்பில் இருப்பதால், அவற்றுக்கு ஒரே கூட்டுச் சீட்டு கிடைக்கும். 2 நாள் செல்லும். நகர அரண்மனையும் ஜெய்கட் கோட்டையும் அரச குடும்பத்தின் பொறுப்பில் உள்ளன; கூட்டுச் சீட்டு அங்கே செல்லாது. ஜோத்பூரிலும் பிகானேரிலும் கோட்டைகளை அரச குடும்ப அறக்கட்டளைகளே நடத்துகின்றன. ஆகவே எந்த வாசலிலும் ‘இது யாருடையது’ என்று தெரிந்துகொண்டு பிறகு வரிசையில் நில்லுங்கள்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கே ஆமேருக்குப் போய்விடுங்கள். நகரிலிருந்து 11 கிலோமீட்டர். யானை மீது ஏறிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சரிவில் நாள் முழுதும் ஆள் சுமக்கும் அந்த விலங்கின் பாதத்தை ஒருமுறை பார்த்தவர்கள் ஏற மாட்டார்கள். நடந்தால் இருபது நிமிடம் போதும். ஹவா மஹாலைத் தெருவில் நின்று படம் எடுத்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். நாம் முகப்பு என்று நினைக்கும் அந்த 953 சன்னல்கள் கொண்ட சுவர், உண்மையில் கட்டடத்தின் பின்புறம்; வாசல் மறுபக்கம் இருக்கிறது. உள்ளே போய், திரைக்குப் பின் இருந்த அரண்மனைப் பெண்கள் தெருவைப் பார்த்ததுபோல அந்தத் துளைகள் வழியே கீழே பாருங்கள். அந்தச் சன்னல் சுவர் கிழக்கு நோக்கியிருப்பதால் படம் எடுக்கக் காலை வெளிச்சமே சரி.

ஜந்தர் மந்தர் என்ற பழைய வானாய்வுக் கூடத்துக்கு மேகமில்லாத பகலில் போக வேண்டும். வெயில் இல்லையென்றால் அது வெறும் கல் மேடைகளின் கூட்டமே. 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரத்தின் நிழல் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுத்தால், நிழல் விரலைக் கடந்து போவதைப் பார்க்கலாம். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு ‘தப்பாகக் காட்டுகிறதே’ என்று சிலர் சிரிப்பார்கள். அது காட்டுவது ஜெய்ப்பூரின் உள்ளூர் நேரம்; இந்திய நேரத்தைவிட ஏறக்குறைய 27 நிமிடம் பின்தங்கியது, அதோடு நாளுக்கு நாள் மாறும் ஒரு சிறு திருத்தமும் உண்டு. இந்த ஓரிடத்தில் மட்டும் அரசு அடையாள அட்டை வைத்திருக்கும் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது காசுக்குத் தகும்.

மாலையில் கடைவீதி. ஆட்டோக்காரர் ‘என் உறவினர் கடை, பார்க்க மட்டும் செய்யுங்கள்’ என்றால், அவருக்குத் தரகுப் பணம் உங்கள் பில்லிலிருந்துதான் போகும். பாந்தனி சேலை வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். துணியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி, நூலால் கட்டி, சாயத்தில் முக்கி எடுப்பது பாந்தனி. மதுரைச் சுங்குடியும் இதே குலத்துக் கலைதான். நல்ல கடையில் முடிச்சு அவிழ்க்காத துணியையே எடுத்துக் காட்டுவார்கள். சுருங்கிக் கிடக்கும் துணியை இருவர் எதிரெதிரே பிடித்து வெடுக்கென்று இழுக்க, நூல் படபடவென்று தெறித்து விழும். வெள்ளைப் பொட்டுகள் வரிசையாகக் கண் திறக்கும். அப்படிப்பட்ட துணியில் ஒவ்வொரு பொட்டும் சற்றே கோணலாக, தொட்டால் சிறு மேடாக இருக்கும். எல்லாப் பொட்டும் ஒரே அளவாக, தட்டையாக, மறுபக்கம் வெளிறியிருந்தால் அது அச்சு. அச்சுச் சேலையும் அழகுதான். ஆனால் அதற்கு அச்சின் விலைதான் கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஜோத்பூர்

என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அது மெஹ்ரான்கட். 1459இல் ராவ் ஜோதா மண்டோரிலிருந்து தலைநகரை மாற்றிப் பாறையின் உச்சியில் எழுப்பியது. சுவர் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்து பார்த்தால் தெரியாது. ஒலி வழிகாட்டிக் கருவியை வாங்கிக்கொண்டு அரை நாள் ஒதுக்குங்கள்.

உள்ளே ஏறும் வழியில் லோஹா போல் என்ற வாயில் வரும். பாதை அங்கே சட்டென்று செங்கோணமாகத் திரும்புகிறது; யானைகள் ஓடிவந்து கதவை முட்டாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அதன் பக்கச் சுவரில் சிறிய உள்ளங்கைகள் வரிசையாகப் பதிந்திருக்கும், காவியும் வெள்ளித்தாளும் பூசப்பட்டு. உடன்கட்டை ஏறிய அரசியரின் கைகள் அவை. ஒரு குழந்தையின் கை அளவே உள்ளவையும் அதில் இருக்கின்றன. கோட்டையின் அடித்தளத்தில் ராஜியா பாம்பி என்பவர் உயிரோடு புதைக்கப்பட்டதையும் கோட்டை வரலாறே சொல்கிறது. மேலே பொன் வேய்ந்த மண்டபங்களையும் பல்லக்குகளையும் வியக்கும்போது இவற்றையும் மறக்காமல் பாருங்கள்.

கோட்டைக்கு அடுத்தாற்போல் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது வேறு எவரையும்விட நன்றாகப் புரியும். பாறை இடுக்கெல்லாம் வேரோடியிருந்த சீமைக்கருவேலத்தை 2006 முதல், கல்லுடைக்கும் தொழிலாளர்களைக் கொண்டு வேர்வரை உளியால் குடைந்து எடுத்து, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நட்டிருக்கிறார்கள். வழிகாட்டியோடு நடக்க ஏற்பாடு உண்டு, காலையில் போங்கள்.

நீல வீடுகளைத் தேடுகிறவர்கள் கோட்டைக்குப் பின்னால் உள்ள பிரம்மபுரிப் பக்கம் நடக்க வேண்டும். வாசல்கள் மக்கள் வாழும் வாசல்கள். படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். மணிக்கூண்டுக்கு அருகே மிளகாய் வடை கிடைக்கும். நம் மிளகாய் பஜ்ஜியின் தடித்த அண்ணன், உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்தது.

மூன்றாம் நாளை, மரங்களைக் காப்பதை நெறியாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்தாரின் கிராமங்களுக்கு வையுங்கள். ஜோத்பூருக்கு அருகே உள்ள கேஜர்லியில், 1730இல் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வெட்ட வந்த அரசரின் ஆட்களைத் தடுத்து, மரங்களைக் கட்டிப்பிடித்தபடி அம்ருதா தேவி தொடங்கி 363 பேர் உயிர்விட்டார்கள். அவர்கள் காத்த கேஜ்ரி மரம் வேறெதுவும் அல்ல. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். இன்று அது ராஜஸ்தானின் மாநில மரம்.

உணவு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் பச்சைக் காய்கறியும் அரிதான நிலத்தின் சமையல் இது. கடலை மாவை உருட்டி வேகவைத்துக் குழம்பில் போடுவது கட்டா. வன்னி நெற்றை உலர்த்திச் சமைப்பது சாங்ரி. நம் மோர்க்குழம்புக்குச் சொந்தமானது கடீ. தால்-பாட்டியில் வரும் பாட்டி, சுட்ட கோதுமை உருண்டை. அதைக் கையாலேயே நொறுக்கி, நெய் ஊற்றி, பருப்பில் பிசைந்து சாப்பிட வேண்டும். அப்படியே கடித்தால் தொண்டை அடைக்கும். குளிர்காலத்தில் கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் கேளுங்கள்.

பேச்சுக்கு இந்தி போதும். அரைகுறையாக இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் மார்வாடியில் ‘கம்மா கணி’ என்று வணக்கம் சொன்னால் எதிரில் இருப்பவரின் முகமே மாறும். பதிலுக்கு ‘கணி கம்மா சா’ என்பார்கள். விடுதியில் நீங்கள் எது கேட்டாலும் ‘ஹுக்கும்’ என்பார்கள். அது ‘உத்தரவு’ என்பதன் மரியாதை.

ஆறாம் படி: ஜெய்சல்மேர்

இங்கே வண்ணம் பூச்சில் இல்லை, கல்லே மஞ்சள். 1156இல் ராவல் ஜெய்சல் கட்டிய கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். நுழையச் சீட்டு வேண்டாம். உள்ளே இருக்கும் அரண்மனை அருங்காட்சியகத்துக்கும் சமணக் கோயில்களுக்கும் மட்டும் தனிச் சீட்டு. கோயில்களுக்கு முற்பகலிலேயே போய்விடுங்கள். வெளியாருக்கான நேரம் நண்பகலோடு முடிவது வழக்கம். தோல் இடைவார், தோல் பணப்பை ஆகியவற்றை வாசலில் விட்டுவிட வேண்டும்.

கோட்டைக்குள் தங்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்துக்குக் கட்டிய கோட்டை அது. குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் அடியிலுள்ள மென்மண்ணில் கசிந்து, கொத்தளங்கள் சில சரிந்திருக்கின்றன. கோட்டையைப் பார்த்தபடி வெளியே நிறைய விடுதிகள் இருக்கின்றன; அந்தி வெயிலில் சுவர் பொன்னாவது வெளியிலிருந்துதான் தெரியும். இன்னொரு எச்சரிக்கை: மிகக் குறைந்த வாடகைக்கு அறை தந்தால், ஒட்டகச் சவாரியையும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற எழுதாத நிபந்தனை இருக்கக்கூடும். நான் வேறு இடத்தில் சவாரி பேசிவிட்டேன் என்று தெரிந்ததும், நான் தங்கியிருந்த விடுதியில் ‘நாளை அறை காலி இல்லை’ என்றார்கள். பதிவு செய்யும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்வா ஹவேலிகளில் கல்லைச் சரிகைபோல் இழைத்த வேலையைப் பார்த்துவிட்டு, மாலையில் காடிசர் ஏரிக்கரையில் உட்காருங்கள். ஒரு காலத்தில் ஊர் முழுதும் குடித்தது இந்த மழைநீரைத்தான்.

மணல்மேடுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. 40 கிலோமீட்டரில் உள்ள சம் புகழ்பெற்றது. கூடாரம் கூடாரமாக ஒலிபெருக்கி அலறும். கூரி சற்று அதிகத் தொலைவு. ஓரளவு அமைதியாக இருக்கும். நான் கூரி பக்கம். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்காலைத்தான் தூக்கும். நீங்கள் முன்னால் குப்புற விழப் பார்ப்பீர்கள். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடிக்கும். அப்போதும் முன்னால்தான் சாய்வீர்கள். ஆகவே இரண்டு முறையும் சேணத்தின் பிடியை இறுகப் பற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரச் சவாரி போதும். அதற்கு மேல் தொடை தாங்காது.

இரவில் பாட்டு கேட்பதாக இருந்தால் மாங்கணியார் கலைஞர்களை ஒலிபெருக்கி இல்லாமல் பாடச் சொல்லுங்கள். இஸ்லாமியரான இவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்துப் புரவலர் வீடுகளின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடி வருகிறவர்கள். வில்லால் இழைக்கும் கமாயிச்சா என்ற நரம்புக் கருவியின் கரகரத்த ஒலி, திறந்த வெளியில் பத்தடிக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டியது. அன்பளிப்பை இடையில் இருப்பவரிடம் தராமல் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

ஏழாம் படி: திரும்புதல்

ஜெய்சல்மேரிலிருந்து டெல்லிக்கும் ஜோத்பூருக்கும் இரவு ரயில்கள் உண்டு. ஏறுவதற்கு முன் காலணியையும் பெட்டியின் ஓரங்களையும் நன்றாக உதறுங்கள். அந்த மணல் மாவுபோல் நுண்ணியது, கைபேசியின் மின்னேற்றத் துளைக்குள் போய்விட்டால் எளிதில் வெளியே வராது.

வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால், எடை குறைந்த கேர்-சாங்ரியை வாங்குங்கள். உலர்ந்த குச்சிபோல் இருப்பது வன்னி நெற்று. மிளகைவிடப் பெரிய உருண்டை, கேர் என்ற பாலைவனப் புதரின் காய். சமைப்பதற்கு முதல் நாள் இரவே இரண்டையும் தனித்தனியாக ஊறவைக்க வேண்டும். கேரை மோரில் ஊறவைத்தால்தான் கசப்பு இறங்கும். காலையில் நாலைந்து முறை அலசி, வேகவைத்து, மிளகாய்த்தூளும் மாங்காய்ப்பொடியும் சேர்த்து எண்ணெயில் வதக்குங்கள். நம் ஊர்த் தயிர்சாதத்துக்கு நன்றாகச் சேரும்.